நந்தன் கேட்ட லீவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். இப்போது கொழும்பில் கடை வேலை. கொஞ்ச நாளாக இரவில் கர்நாடக சங்கீதம் கேட்கிறேன். அறையில் கூட இருப்பவர், "உங்கட ஆக்களுக்குத் தப்பு மேளமும் காமன்கூத்தும் போதாதா?" என்கிறார். தியாகராஜர், தீட்சிதர் பாட்டுகளின் மொழியும் விளங்கவில்லை. இது நமக்குரிய இசைதானா? எங்கிருந்து தொடங்கலாம்?

தலவாக்கலை வாசகர்

அன்புள்ள தம்பி,

கோபாலகிருஷ்ண பாரதியாரிடமிருந்து தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர் தமிழில் செய்த 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில், கோயிலுக்குள் விடாத சாதியில் பிறந்து பண்ணையில் உழைக்கும் நந்தனுக்கு இருப்பது ஒரே ஆசை. சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க வேண்டும். பண்ணை முதலாளியான வேதியரிடம் உத்தரவு கேட்டு நிற்கிறான். 40 வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. பாரதியார் கொண்டு வந்த ஆள்.

திருவிழாவுக்கு லீவு கேட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் நாம். இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே நூற்றாண்டில்தான் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து உழவுக் கூலிகள் கண்டிச்சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

நந்தனார் சரித்திரத்தில் முதலில் 'வருகலாமோ' கேளுங்கள். மாஞ்சி ராகம். உள்ளே வரலாமா என்று வெளியே நின்று கேட்பவனின் குரல். ஒரு வாரத்துக்கு அது மட்டும் போதும். ரொட்டி சுடும்போதும் பஸ்ஸிலும் வேறு வேறு பாடகர்களின் குரலில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒற்றைச் சொல்லை ஒவ்வொருவரும் எத்தனை விதமாகக் கேட்கிறார்கள்! ஒருவர் கெஞ்சுவார், இன்னொருவர் தயங்குவார். ராகத்தின் இலக்கணமெல்லாம் அப்புறம் வரட்டும்.

நந்தன் கடைசியில் தீயில் மூழ்கி எழுந்துதான் கோயிலுக்குள் போக முடிகிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வாசலில் நின்று பாடும் அந்தப் பாட்டை என்னால் விடவும் முடியவில்லை.

தப்பையும் காமன்கூத்தையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நொண்டிச்சிந்து போன்ற ஊர் மெட்டுகளைப் பாரதியாரே கீர்த்தனைகளுக்கு நடுவே சேர்த்திருக்கிறார். ஆனந்தபைரவி, புன்னாகவராளி போன்ற ராகங்கள் நாட்டுப்பாடலிலிருந்து வந்தவை என்று இசை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. லயன் வீடுகளுக்கு முன்னால், காமன்கூத்தில் எரிந்துபோன காமனுக்காக ரதி அழுவதை விடிய விடியக் கேட்டு வளர்ந்த காது, வெறும் காது இல்லை தம்பி.

தியாகராஜரிடம் பிறகு போகலாம். அவரும் திருவையாற்றுத் தெருக்களில் பாடிக்கொண்டே போய், வீடுகளில் போட்ட அரிசியில் சீவித்தவர்தான்.

சரி, அடுத்த மாசி மகத்துக்கு லீவு கிடைத்தால் மாத்தளைக்கு வாருங்கள். முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் ஓடும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பக்கத்திலேயே நடந்து வரலாம், டிக்கெட் இல்லை.

அன்புடன்,
அண்ணன்