கடைசி நொடி வரை முடிவு தெரியாமல் நீங்கள் பார்த்த ஃபார்முலா 1 பந்தயம் எது?

2008 நவம்பர் 2, பிரேசில் கிராண்ட் பிரி. தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முறுக்கு டப்பாவின் அடியில் தூள்தான் மிச்சம். நம்மூரில் அப்போது நடுராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தூங்கிவிட்டதால் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஃபெராரி வெறியன்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் அது. உலக சாம்பியன் பட்டத்துக்கு மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். கணக்கு இதுதான். மெக்லாரன் அணியின் ஹாமில்டன் 94 புள்ளி, ஃபெராரி அணியின் மாஸா 87. அன்றைக்கு முதலிடத்துக்கு 10 புள்ளி, ஐந்தாவதுக்கு 4, ஆறாவதுக்கு 3. மாஸா ஜெயித்தால் ஹாமில்டன் ஐந்தாவதாகவாவது வந்தாக வேண்டும். ஆறாவதாக வந்தால் இருவரும் 97. அந்த ஆண்டு அதிகப் பந்தயம் ஜெயித்தவர் என்பதால் பட்டம் மாஸாவுக்கு. முந்தின வருடம் இதே இன்டர்லாகோஸ் பந்தயத் தடத்தில் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டவர் ஹாமில்டன். மாஸாவோ அந்த ஊர்ப் பையன்.

தொடக்கத்தில் ஒரு மழை, பத்து நிமிடத் தாமதம். அப்புறம் நடுவில் பெரிதாக ஒன்றுமில்லை. மாஸா முன்னால் பிசிறில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹாமில்டன் தனக்குத் தேவையான இடத்தில் ஜாக்கிரதையாக வந்துகொண்டிருந்தார்.

முடிய சில சுற்றுகளே இருக்கும்போது திரும்பவும் தூறல். முன்னணியில் இருந்தவர்கள் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய் மழை டயர் மாட்டினார்கள். டொயோட்டாவின் டிமோ க்ளாக் உள்ளே வராமல், காய்ந்த தரைக்கான டயரிலேயே தொடர்ந்து ஓடி நாலாவது இடத்துக்கு ஏறிவிட்டார். ஹாமில்டன் ஐந்தாவது. அதோடு விட்டதா? ஒரு சுற்று பின்தங்கியிருந்த குபிட்சா ஹாமில்டனைத் தாண்டிப் போன குழப்பத்தில், பின்னாலேயே வந்த வெட்டலும் நுழைந்துவிட்டார். ஹாமில்டன் ஆறாவது!

மாஸா கோட்டைத் தாண்டினார். ஃபெராரி கொட்டகையில் அவர் அப்பா துள்ளிக் குதிக்கிறார். "முடிஞ்சுதுடா, அணைச்சுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய்விட்டான். எனக்கு என்னவோ அணைக்க மனசு வரவில்லை. மழை வலுத்ததில் க்ளாக்கின் கார் பனிக்கட்டியில் நடப்பதுபோலத் தடுமாறிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில் வெட்டலும் ஹாமில்டனும் அவரைத் தாண்டிவிட்டார்கள். மாஸா முடித்துச் சுமார் 39 நொடி கழித்து ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தார். 98க்கு 97.

க்ளாக் வேண்டுமென்றே வழிவிட்டார் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தாலே எரிச்சல். அதே டயரில் ஓடிய இன்னொரு டொயோட்டாக்காரர் ட்ரூல்லியின் கடைசிச் சுற்றும் கிட்டத்தட்ட அதே ஆமை வேகம்தான். இன்னொன்று: க்ளாக்கும் மற்றவர்கள் மாதிரி உள்ளே போயிருந்தால் ஹாமில்டனுக்கு முன்னால் வந்திருக்கவே மாட்டார். வெட்டல் முந்தியிருந்தாலும் ஹாமில்டன் ஐந்தாவதாக நிம்மதியாக முடித்திருப்பார். மாஸா அரை நிமிடம் சாம்பியனாக இருந்ததே க்ளாக்கின் புண்ணியத்தில்தான்.

மாஸா பட்டத்தைத் தொலைத்த இடங்கள் வேறு. ஹங்கேரியில் மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது முன்னணியில் ஓடிய அவரது இன்ஜின் போனது. சிங்கப்பூரில் பெட்ரோல் குழாய் மாட்டியிருக்கும்போதே கிளம்பும்படி பச்சை விளக்கு எரிய, குழாயையும் பிய்த்துக்கொண்டு பிட் பாதை முழுக்க ஓடினார். வந்தது பதின்மூன்றாவது இடம். இதில் எங்கேயாவது ஒரு இடத்தில் ஒரே ஒரு புள்ளி கிடைத்திருந்தால் போதும். இருந்தும் அன்றைக்கு மேடையில் கண்ணீரோடு நின்று, நெஞ்சைத் தட்டிக் காட்டி ஊர்க்காரர்களை வணங்கினாரே, ஹாமில்டன் பக்கம் இருந்த எனக்கே தொண்டை அடைத்தது.

அண்ணனை எழுப்பவில்லை. காலையில் பேப்பரை விரித்தவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இப்போதும் பேச்சு வந்தால், "நான் படுக்கும்போது மாஸாதான் சாம்பியன்" என்பான்.