மாணவர் பத்திரிகையும் அச்சகக் கணக்கும்

பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் பத்திரிகை ஒன்று நிர்வாகத்திடமிருந்து முற்றாகப் பிரிந்து நின்ற வரலாறு எங்காவது உண்டா, அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால், யாழ்ப்பாணத்தில் மாணவர் சங்க இதழ் ஒன்றின் கணக்குக் கொப்பியை ஒரு வருடம் வைத்திருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எங்கள் இதழில் வரவிருந்த கட்டுரையை யாரும் தடைசெய்யவில்லை. சங்கப் பணத்தை எடுக்கத் தேவையான, பெரும் பொருளாளராக இருந்த விரிவுரையாளரின் கையொப்பம் மட்டும் பரீட்சை நெருங்கும்வரை கிடைக்கவில்லை. அச்சகத்தில் முற்பணம் கேட்டார்கள். கட்டுரையை நாங்களே எடுத்துவிட்டோம். மறுநாள் கையொப்பம் வந்தது.

இதே முடிச்சைப் பெரும் விலை கொடுத்து அவிழ்த்தவர்கள், அமெரிக்காவின் கெயின்ஸ்வில் நகரிலுள்ள புளோரிடாப் பல்கலைக்கழக மாணவர்கள். அங்கே 1906 இல் தொடங்கிய மாணவர் பத்திரிகை, பின்னர் 'புளோரிடா அலிகேற்றர்' என்று பெயர் பெற்றது. 1971 இல் அதன் ஆசிரியராக இருந்த றொன் சாக்ஸ், கருக்கலைப்புக்கு வழிகாட்டும் நிலையங்களின் பட்டியலை வெளியிட முனைந்தார். அத்தகைய தகவலை அச்சிடுவதையே குற்றமாக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டமொன்று அந்த மாநிலத்தில் அப்போதும் நடைமுறையில் இருந்ததால், பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டீபன் ஓ'கொனெல் அதை அனுமதிக்கவில்லை. மாணவர்கள் பட்டியலைத் தனித் தாளில் படியெடுத்து, பத்திரிகைப் பிரதிகளுக்குள் கையாலேயே செருகி விநியோகித்தார்கள். (ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்த துண்டுப்பிரசுரங்களோடு வளர்ந்த எங்கள் ஊர்க்காரருக்கு இந்த உத்தியை விளக்கத் தேவையில்லை.) சாக்ஸ் கைதுசெய்யப்பட்டார், ஆனால் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கில் வென்றதோடு விடயம் முடியவில்லை. நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும் இடையிலான இழுபறி தொடர்ந்து, 1973 இல் பத்திரிகை வளாகத்தை விட்டு வெளியேறி, இலாப நோக்கற்ற தனி நிறுவனமாகி, பெயருக்கு முன்னால் 'சுயாதீன' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து அதன் செலவை முக்கியமாக விளம்பர வருமானமே தாங்கியது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் உயிர்நாடி கைதில் அல்ல, அச்சகக் கணக்கில்தான் இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான நாளிதழை வாசித்தவர்களுக்குத் தாள் யார் கையில் இருக்கிறது என்பதன் பொருள் நன்றாகத் தெரியும். இங்கே மாணவர்கள் அவ்வாறு பிரிந்தால் விளம்பரத்துக்குக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளையும் தனியார் கல்வி நிலையங்களையும்தான் நாட வேண்டும். கல்வி நிலையங்களின் கட்டணத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் கையொப்பத்துக்குக் காத்திருந்த அதே நிலைமை வேறு உருவில் வரும் என்றே நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்திலும் 1971 இல் இத்தகைய பிரிவு நிகழ்ந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான 'மக்கள் பூங்கா' என்ற நிலத்தைத் திரும்பக் கைப்பற்றுமாறு ஆசிரியர் தலையங்கம் எழுதியதற்காக 'டெய்லி கலிபோர்னியன்' பத்திரிகையின் மூத்த ஆசிரியர்கள் மூவரை நிர்வாகம் நீக்க, பத்திரிகை தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஆனால் நெடுங்காலம் பழகிய அந்தப் பெயரை மட்டும் பல்கலைக்கழகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில்தான் அவர்களால் பயன்படுத்த முடிகிறது.