வண்டி வாகனம்: வாசகர் கேள்வி

கேள்வி: கனடாவிலுள்ள அண்ணன், இருபுறமும் ஸ்பிரிங் கம்பிகள் உள்ள, எடையைப் பகிரும் ட்ரெய்லர் இணைப்பை அனுப்பினார். கரட், லீக்ஸ் ஏற்றிய ட்ரெய்லரைக் கொளுவினால் பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்கிறது, ஸ்டியரிங் லேசாகிறது. கம்பிகளை எவ்வளவு இறுக்க வேண்டும், ஐயா?
- வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, முதலில் மூட்டைகளைப் பாருங்கள். சுமையுடன் ட்ரெய்லர் 1,000 கிலோ என்றால், 100 முதல் 150 கிலோ வரை பிக்கப்பின் பின்னாலுள்ள இணைப்புக் குண்டின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்டும், உயிருக்கே ஆபத்து. பாரமான மூட்டைகளை ட்ரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள்.

பிறகு சமதரையில், பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு நேர்மேலே மட்கார்ட் விளிம்பின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ட்ரெய்லரைக் கொளுவி, கம்பிகளைப் பூட்டாமல் மறுபடி அளந்து பாருங்கள். 4 செ.மீ. உயர்ந்திருந்தால், பூட்டியபின் 2 செ.மீ. ஆவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கம்பியின் முனையைத் தாங்கும் சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றி மாட்டுங்கள். பழைய உயரத்துக்கும் கீழே இறக்கிவிடாதீர்கள். பின்சக்கரம் பிடிப்பிழக்கும், மழை நாளில் றம்பொடை வளைவுகள் அதைப் பொறுக்காது. வண்டிக் கையேட்டின் இழுவை வரம்பு இந்த இணைப்பால் ஒரு கிலோகூட உயராது.

குண்டில் பூட்டியபடியே ட்ரெய்லரின் முன்முனையை ஜாக்கால் உயர்த்திவிட்டுச் சங்கிலியைத் தொடுங்கள். விறைத்த கம்பி தெறித்தால் கையை முறித்துவிடும்.