குழாயைத் திறந்துவிட்டு நின்ற மருமகள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு, கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

எனக்கு 63 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் தவறி 11 வருஷம் ஆகிறது. ஒரே மகன். 2016 மே மாதம் அவனுக்குக் கல்யாணம் முடித்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்கவில்லை.

நான் ஜெபிக்காமல் இல்லை. 9 வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் விட்டதில்லை. மாதக் கடைசியில் முழு இரவு ஜெபத்துக்குப் போகிறேன். பிள்ளை பிறந்தால் கோயில் அசன விருந்துக்கு இரண்டு மூட்டை அரிசி தருவதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகள் எல்லாம் வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. 2022ல் எங்கள் ஊருக்கு வந்த ஒரு ஊழியக்காரர், "அடுத்த வருஷம் இதே நாளில் உங்க வீட்டுல தொட்டில் ஆடும்" என்றார். காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வைத்தேன். அந்த நாள் வந்தது, போனது.

எங்கள் தெருவில் கோயில் வாசலையே மிதிக்காதவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு ஞானஸ்நானம். நானும் விருந்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறேன். என் ஜெபம் மட்டும் ஏன் கூரையைத் தாண்டவில்லை?

மருமகளை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கும் மகன் பிறக்க 5 வருஷம் ஆனது. அந்த 5 வருஷமும் என் மாமியார் பேசின பேச்சு எனக்குத்தான் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்தில் அவள் பேரைச் சொல்லித்தான் கண்ணீரோடு ஜெபிப்பேன். 113ஆம் சங்கீதம் 9ஆம் வசனத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அவளுக்கு ஜெபத்தில் வாஞ்சை குறைந்துவிட்டது. எட்டு மணி ஆனால் அடுப்பங்கரையில் வேலை வந்துவிடும். போன வாரம் கழுவப் பாத்திரமே இல்லை, குழாயைச் சும்மா திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் வீணாகிறதே என்றுகூட நான் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன டெஸ்ட் எல்லாம் அவளுக்கு எடுத்தாயிற்று. பெரிதாக ஒன்றும் இல்லையாம். மகன் நன்றாகத்தான் இருக்கிறான்.

9 வருஷம் ஐயா. ஒரு வெள்ளிக்கிழமை தப்பவில்லை. ஒருவேளை அவளுடைய அவிசுவாசம் என் ஜெபத்துக்குத் தடையாக இருக்கிறதோ? இன்னும் எப்படி ஜெபிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், ஒரு தாய்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் உபவாசம், பொருத்தனை, வாக்குத்தத்தம், தீர்க்கதரிசனம் எல்லாவற்றையும் வாசித்தேன். ஆனால் அந்தக் குழாயை விட்டு என்னால் நகர முடியவில்லை. பாத்திரம் இல்லாத தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு பெண் ஏன் நிற்கிறாள்? ஹாலில் இருந்து வருகிற சத்தம் தன் காதில் விழக்கூடாது என்றுதான். அந்தச் சத்தம் உங்கள் ஜெபம், அம்மா.

இது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஐந்து வருஷம் ஏச்சு வாங்கிய நீங்கள் மருமகளை ஏசக்கூடாது என்று வாயைக் கட்டினீர்கள். அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். உங்கள் மாமியார் பேசியபோது நீங்கள் மனதுக்குள்ளாவது திருப்பிப் பேசியிருப்பீர்கள், கொல்லைப்புறத்தில் போய் முணுமுணுத்திருப்பீர்கள். ஜெபத்தை யார் எதிர்த்துப் பேச முடியும்? முடிந்ததும் "ஆமென்" சொல்லத்தானே வேண்டும்? ஒவ்வொரு ராத்திரியும் தன் பேரைச் சொல்லி, தன் கர்ப்பத்தைச் சொல்லி, புருஷன் பக்கத்தில் இருக்க, மாமியார் அழுகிறார். அதற்கு அவள் ஆமென் சொல்ல வேண்டும். பல வருஷம் சொன்னாள். இப்போது அவளால் முடியவில்லை. அதற்கு நீங்கள் வைத்த பேர் அவிசுவாசம்.

ஹாலில் மாட்டியிருக்கிற வசனத்தை ஒருமுறை அவள் கண்ணால் வாசியுங்கள். நம் பழைய வேதாகமத்தில் அந்த வசனத்தின் முதல் சொல் என்ன? "மலடியை." நீங்கள் வாசிக்கும்போது உங்கள் கண் "சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சி" என்ற இடத்துக்கு ஓடிவிடுகிறது. காப்பி கொண்டுவரும்போது, கூட்டும்போது, விருந்தாளிக்கு நாற்காலி போடும்போது அவள் கண்ணில் படுவது அந்த முதல் சொல்தான். உங்கள் மாமியாரும் அதைத்தானே சொல்லியிருப்பார்?

பிள்ளைக்காக ஜெபித்தவள் என்றதும் நமக்கு அன்னாள் நினைவுக்கு வருகிறாள். 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை இன்று மறுபடி வாசியுங்கள். அவளுடைய சக்களத்தி பெனின்னாள் அவளை வருஷாவருஷம் மனமடிவாக்கினாள் என்று அங்கே இருக்கிறது. கர்த்தருடைய ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் அது நடந்தது என்பதையும் கவனியுங்கள். அன்னாளுக்கு ஆராதனை நேரமே அழுகிற நேரமாகிவிட்டது. அவளுடைய புருஷன் எல்க்கானா கவனித்தது வேறு. "ஏன் சாப்பிடாதிருக்கிறாய்?" என்று கேட்டான். அவள் தன் ஜெபத்தைத் தானே ஜெபித்தாள். உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலிக்கே அது ஜெபம் என்று தெரியவில்லை, குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஜெபத்தில் வாஞ்சை இல்லை என்று நீங்கள் நினைக்கிற இந்தப் பெண் குழாயடியில் நின்று என்ன செய்கிறாள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, அம்மா?

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அதிகாரத்தின் 18ஆம் வசனம். அன்னாள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாக இருக்கவில்லை. அவள் மகன் சாமுவேல் அப்போது பிறக்கவில்லை, கர்ப்பமும் தரிக்கவில்லை. இருதயத்தை ஆண்டவரிடம் ஊற்றிவிட்டு வந்து சாப்பாட்டில் உட்கார்ந்தாள். நம்பிக்கை என்று நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் 9 வருஷமாக விடாமல் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒரு நாள்கூடக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. காலண்டரில் தேதி போட்டீர்கள், தெருவில் யார் வீட்டில் ஞானஸ்நானம் என்று எண்ணினீர்கள், வெள்ளிக்கிழமைகளுக்குக் கணக்கு வைத்தீர்கள். "சோர்ந்துபோகாமல்" என்று லூக்கா 18ல் இயேசு சொன்ன விதவை தன் வழக்கைத் தானே நியாயாதிபதியிடம் கொண்டுபோனவள். மருமகளின் வழக்கை அவள் அனுமதி இல்லாமல் தினமும் வாசித்தவள் இல்லை.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. இடத்தை மாற்றுங்கள். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று மத்தேயு 6ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள். எட்டு மணி ஜெபத்தில் ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, அன்றைக்கு நடந்த நன்மைக்கு ஸ்தோத்திரம், போதும். அந்தச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள், ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

இன்னொன்று. "மகன் நன்றாகத்தான் இருக்கிறான்" என்பது பரிசோதனை முடிவு இல்லை. பிள்ளைப்பேறு தள்ளிப்போவதில் பாதிக்குப் பாதி ஆண் பக்கமும் காரணம் இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு விந்துப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். 9 வருஷம் ஊசியும் ஸ்கேனும் அவளுக்கு மட்டும் என்றால், அது அவள்மேல் வைத்த தீர்ப்பு. தாயாக நீங்கள் சொன்னால் மகன் போவான். போவதும் போகாததும் பிறகு அவர்கள் இருவர் பாடு.

கடைசியாக, அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதைத் தயவுசெய்து ஜெபத்தில் கேட்காதீர்கள். அதற்கும் அவள் ஆமென் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்பங்கரைக்குப் போங்கள். அவள் குழாயை மூடும்வரை பக்கத்தில் நில்லுங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் சொல்லுங்கள்.