எட்டு மாத வயிற்றோடு யாழ்ப்பாணத்தில் உடுப்பு விலை பேசிய கதை

கேள்வி: “கர்ப்பமாக இருக்கும்போது சந்தையில் உடுப்பு வாங்கப் போனால், கடைக்காரர்கள் இரக்கப்பட்டு விலை குறைப்பார்களா?”

யாழ்ப்பாணத்தில் என்றால் கதிரை தருவார்கள். தண்ணீர் தருவார்கள். ஃபானை உங்கள் பக்கம் திருப்பி விடுவார்கள். எத்தனையாம் மாதம், முதல் பிள்ளையா, எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று எல்லாம் விசாரிப்பார்கள். விலை மட்டும் சொன்ன இடத்திலேயே நிற்கும். இரக்கம் வேறு, யாவாரம் வேறு என்பதில் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் நல்ல தெளிவு.

2023 செப்டெம்பர் கடைசி. எனக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களைக் கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்: முன்பக்கம் திறக்கிற சோட்டி (நைட்டி) மூன்று, பிள்ளைக்குப் பருத்திச் சட்டை ஆறு, நப்கின், துவாய், தொப்பி, கால்மேஸ். பிள்ளைச் சட்டையை மாமி அந்த இடத்திலேயே கொப்பியில் இருந்து வெட்டிவிட்டார். பிறக்க முதல் பிள்ளைக்குப் புது உடுப்பு வாங்கக் கூடாதாம். மாமாவின் பழைய வேட்டியைத் தோய்த்து, கிழித்து, மடித்து வைத்திருந்தார். சட்டைக்கு என் மச்சாளின் மகன் போட்டுக் கழித்தவை இருந்தன. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பல தடவை தோய்த்த பருத்தி மாதிரி மெதுவான துணி கடையில் கிடைக்காது. ஆகவே நான் வாங்க வேண்டியது எனக்கான சோட்டியும் சில்லறைச் சாமான்களும்தான்.

கர்ப்பமாவதற்கு முன் நான் விலை பேசுவதில் கொஞ்சம் பேர் எடுத்தவள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகும் சொந்தக்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கேட்பேன். “கட்டாது தங்கச்சி” என்பார். “அப்ப வேண்டாம் அண்ணை” என்று துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பி நடப்பேன். அவசரமே இல்லாமல் நடக்க வேண்டும். மூன்றாவது அடி வைக்கும்போது பின்னால் சத்தம் வரும்: “சரி வாங்கோ, என்ன தருவீங்கள்?”

அந்த மூன்றாவது அடிதான் எல்லாம். எட்டாம் மாதத்தில் என்னிடம் அது இல்லை.

முதல் நாள் கோண்டாவிலில் பஸ் ஏறி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நவீன சந்தைக்குப் போனேன். போய்ச் சேரப் பத்தரை. வெயில் ஏறிவிட்டது, கால் வீங்கத் தொடங்கிவிட்டது. முதல் கடையில் சிப் வைத்த சோட்டி ஒன்று பிடித்திருந்தது. 1,950 ரூபாய் என்றார். ஏன் இவ்வளவு என்று கேட்டால், “டொலர் ஏறிட்டுதெல்லோ தங்கச்சி.”

நானும் விடவில்லை. “அண்ணை, போன வருசம் 360 நிண்ட டொலர் இப்ப 325க்கு வந்திட்டுது.”

“இது பழைய ஸ்டொக். 360க்கு வந்தது.”

வாயடைத்துப் போனேன். 2022இல் டொலர் ஏறியபோது கடையில் இருந்த பழைய சாமானுக்கும் ஒரே இரவில் விலை ஏறியது. அப்போது மட்டும் பழைய ஸ்டொக் என்று ஒன்று இருக்கவில்லை. இதைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் நினைவு வந்தது.

சரி என்று வழக்கம்போலத் திரும்பி நடந்தேன். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் இல்லை. பத்து அடி போய்த் திரும்பிப் பார்த்தேன், அவர் சோட்டியை மடிக்கக்கூட இல்லை. அப்படியே மேசையில் விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ எங்க போகப் போறா என்று முகத்தில் எழுதியிருந்தது. இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்கு முன்னால் எனக்குக் கட்டாயம் கக்கூசுக்குப் போக வேண்டி வந்தது. எட்டாம் மாதக்காரிகளுக்கு அது விளங்கும். பிறகு முதல் கடைக்கே திரும்பி வந்து 1,950 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பையில் போட்டுத் தந்தார். அந்தப் பேசாமைதான் சுட்டது.

இரண்டாவது தடவை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. காலையில் ஒன்பதரைக்கே போய்விட்டேன். அது தோதான நேரம். முதல் யாவாரத்தைக் கை நழுவ விட எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. காலமும் தோது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் சனம் வாங்கித் தள்ளிவிட்டு ஓய்ந்திருக்கும். தீபாவளிச் சாமான் இன்னும் வந்திருக்காது. இடையில் கடைகள் காற்று வாங்கும்.

கடையில் இருந்தது என்னைவிட இளைய பெடியன். பின்னால் அவனுடைய அம்மா நிலத்தில் இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அவன் தன்னுடைய ஸ்டூலைத் தந்து “இருங்கோ அக்கா” என்றான். இருந்தேன். இரண்டு சோட்டி எடுத்தேன், 3,900 சொன்னான், நான் 3,000 என்றேன். “கட்டாதக்கா.” சரி என்றேன், ஆனால் எழும்பவில்லை. வேண்டுமென்று இல்லை, உண்மையாகவே எழும்ப முடியவில்லை. இருந்து தண்ணீர் குடித்தேன். துணியைத் தடவிப் பார்த்தேன். கடைக்கு இரண்டு பெண்கள் வந்து ஒரு சட்டை என்ன விலை என்று கேட்டார்கள், அவன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டூல் இல்லாமல் அவன் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான். பிள்ளைத்தாச்சியை எழும்பச் சொல்லவும் முடியாது.

அரை மணித்தியாலம் இருக்கும். பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது: “குடுத்து விடடா. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டி பிள்ளைக்குக் காது வடியும்.”

“அது சாப்பாட்டுக்கெல்லோ அம்மா! சோட்டிக்கும் மசக்கையே?”

கடைசியில் இரண்டும் 3,300க்கு, ஒரு சின்னத் துவாய் சும்மா. ஆகவே என் அனுபவத்தில், நடக்க முடியாதவள் நடந்து மிரட்டக் கூடாது. இருந்துவிட வேண்டும். (அந்த இரண்டு பெண்கள் விஷயத்தில் இப்போது கொஞ்சம் மனச்சாட்சி உறுத்துகிறது. பெடியன் பாவம்.)

யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டால், கணவரைத் தவிர யாரையும். என்னுடையவர் நல்ல மனிதர், ஆனால் நான் விலை கேட்டு வாய் மூட முதல் பர்ஸ் வெளியே வந்துவிடும். “உமக்குக் கஷ்டம், விடும், குடுத்திட்டுப் போவம்” என்று கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். அதற்குப் பிறகு என்ன பேசுவது?

விலையைவிடத் துணியில்தான் நான் கூட ஏமாந்தேன். 1,950 கொடுத்த சோட்டி முதல் தோய்ச்சலிலேயே சாயம் விட்டது. இரண்டாவது தடவை கைலேஞ்சியை நனைத்துத் தையலுக்கு உள்பக்கம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். பிள்ளையின் முகம் பாதி நாள் அதில்தான் கிடக்கும். சிப் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்றும் பாருங்கள். பால் கொடுக்கிற சோட்டி என்று நாலு விரல் அளவுக்குச் சிப் வைத்து விற்கிறார்கள், அதற்குள்ளால் ஒன்றும் செய்ய முடியாது. “ஃப்ரீ சைஸ், எல்லா வயித்துக்கும் போகும்” என்பதை நம்பாமல், போட்டிருக்கிற உடுப்புக்கு மேலேயே போட்டுப் பாருங்கள். அந்தக் கடைகளில் உடுத்திப் பார்க்க அறை கிடையாது, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மகள் நவம்பரில் பிறந்தாள். ஏழு மாதத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தத் திருநெல்வேலிக் கடைக்குப் போனேன். பெடியன் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஸ்டூலை எடுத்து மேசைக்கு உள்பக்கம் வைத்துவிட்டான். தொங்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் சட்டையை மகள் எட்டிப் பிடித்து வாயில் வைத்தாள். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. நுனி முழுக்க எச்சில்.

“என்ன விலை தம்பி?”

“1,450 அக்கா.”

1,450 கொடுத்தேன்.