பாதி ஓய்வுக்கு ஏற்காடா, கடலூரா?

58 வயதில் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஏற்காடு போகலாமா, கடலூரிலேயே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரிலேயே இருங்கள் என்பேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டின் குளிர் சுகம்தான். ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் ஓட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் சமதளச் சாலை.

அதற்காகக் கடலை ஒட்டி வீடு வாங்காதீர்கள். தேவனாம்பட்டினத்தில் எங்கள் ஜன்னல் கம்பியைத் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிரும். அத்தனையும் உப்புக் காற்று. அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை மறக்கவே முடியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே பாருங்கள். நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.