பழைய ரைபிளுக்குப் பழைய ஸ்கோப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1950களின் தொடக்கத்தில் வந்த வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள் என்னிடம் இருக்கிறது. அதே காலத்து வீவர் கே4 ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதை ரைபிளில் தாங்கும் ரெட்ஃபீல்ட் ஜூனியர் மவுண்டையும் தேடிப் பிடித்து மாட்டினேன். குண்டு குறிக்குப் போகிறது. ஆனால் குறுக்குக்கோடு நடுவில் நிற்காமல் ஓர் ஓரமாக ஒதுங்கித் தெரிகிறது. ஸ்கோப் பழுதா?
- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: பழுதில்லை, அந்தக் காலத்து அமைப்பே அப்படித்தான். இன்றைய ஸ்கோப்பில் எவ்வளவு திருகினாலும் கோடு நடுவிலேயே தெரியும். பழைய கே4-ல் கோட்டை நகர்த்தினால் நகர்ந்த இடத்திலேயே கண்ணுக்குப் படும். அதனால் பெரிய திருத்தத்தை மவுண்டில் செய்ய வேண்டும், ஸ்கோப்பில் அல்ல. ரெட்ஃபீல்ட் ஜூனியரின் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு திருகுகள் இருப்பதே இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குங்கள். ரைபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் உருளை) உருவிவிடுங்கள். ஸ்கோப்பைக் கையில் பிடித்துப் பார்த்தபடி, இரண்டு டயல்களையும் திருப்பிக் கோட்டை நட்டநடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

பேஸ், அதாவது மவுண்டின் அடித்தகட்டின் திருகுகளையும் துளைகளையும் அசிட்டோன் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். இவை 6-48 என்ற அளவு மரை கொண்டவை; 20 இன்ச்-பவுண்ட் முறுக்குவிசை போதும். லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே முறுக்கி, போல்ட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். முன் திருகு நீளமாக இருந்தால் போல்ட் தட்டும். அல்லது திருகு உள்ளே குழலின் மரையில் முட்டி நின்றுவிடும்: கைக்கு இறுகியதுபோல் இருக்கும், பேஸ் மட்டும் ஆடும். நாலு குண்டுக்கு ஒருமுறை குறி மாறுகிறது என்று ஸ்கோப்பைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இந்தத் திருகில்தான். நுனியைச் சிறிது அராவிவிட்டால் சரியாகும்.

முன் வளையம் பேஸில் செருகி, கால் சுற்று திருப்பிப் பூட்டுவது. ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருப்பாதீர்கள். குழாய் வளையும், உள்ளே லென்ஸ் அசையும். ஒரு அங்குலக் கனமுள்ள மர உருளையை வளையத்தில் இறுக்கித் திருப்புங்கள். பூட்டும் இடத்தில் துளி கிரீஸ் வேண்டும்.

ஸ்கோப்பை வைத்து, வளையத் திருகுகளை மாற்றி மாற்றி 15 இன்ச்-பவுண்டுக்கு இறுக்குங்கள். அதற்குமுன் படுத்துச் சுடும் நிலையிலும் கண்ணை வைத்துப் பாருங்கள். படுக்கும்போது முகம் முன்னே போகும். நின்றபடி மட்டும் அளந்து மாட்டினால், பின்னுதைப்பில் புருவம் கிழியும்.

இனி போல்ட்டை மறுபடி உருவிவிட்டு, ரைபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, குழல் துளை வழியாக 25 கஜத்தில் உள்ள குறியைப் பாருங்கள். குழலை அசைக்காமல் கோடும் அங்கே வரும்படி பின் திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்குங்கள். சுட்டுப் பார்க்கையில் விதி எளிது: ஸ்கோப்பின் பின்பக்கம் வலப்புறம் போனால் குண்டும் வலப்புறம் போகும். திருத்தி முடித்ததும் இரண்டு திருகும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஏற்ற இறக்கத்துக்கு மவுண்டில் திருகு கிடையாது. குண்டு மிகவும் கீழே பட்டால் பேஸின் பின்பகுதிக்கு அடியிலும், மேலே பட்டால் முன்பகுதிக்கு அடியிலும் மெல்லிய தகடு வையுங்கள். வளையங்களுக்கிடையே 5 அங்குலம் இருந்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்த்துவது 100 கஜத்தில் சுமார் 0.7 அங்குலம் மாற்றும். கடைசிச் சின்னத் திருத்தத்தை மட்டும் டயலில் செய்யுங்கள். டயலைத் திருப்பியதும் ஸ்கோப்பை விரலால் லேசாகத் தட்டுங்கள். பழைய ஸ்கோப்பில் கோடு சில சமயம் அடுத்த குண்டின் அதிர்ச்சிக்குப் பிறகுதான் நகரும்.

கேள்வி: என்னுடைய மாடல் 70, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. ரிசீவரின் (போல்ட் ஓடும் நடு உடல்) பின்பாலத்தில் துளையே இல்லை. துளைத்து ஸ்கோப் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். தொழிற்சாலை போடாத துளை விலையைக் கவிழ்த்துவிடும். லைமன் 48 போன்ற ரிசீவர் சைட் (ரிசீவரில் மாட்டும், லென்ஸ் இல்லாத குறிபார்ப்பான்) அதற்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஏற்கெனவே யாரோ துளைத்துக் கெடுத்த ரைபிள் என்றால், தாராளமாக மாட்டுங்கள்.

கேள்வி: பழைய வின்செஸ்டர் 94 ரைபிளின் ரிசீவருக்கு நேர்மேலே ஸ்கோப் வைக்க முடியுமா?

பதில்: முடியாது. அதில் சுட்ட தோட்டாக்கூடு மேல்நோக்கித் தெறிக்கும். ஸ்கோப்பில் மோதி உள்ளேயே விழுந்து சிக்கிக்கொள்ளும். இடப்பக்கமாக ஒதுக்கி மாட்டும் மவுண்ட் உண்டு, கன்னம் சாய்க்க இடம் இருக்காது. கூடு சாய்வாகத் தெறிக்கும் 94 வந்தது 1980களில்தான்.

கேள்வி: குளிர்காலத்தில் பழைய ஸ்கோப்பின் உள்ளே மூடுபனி படிகிறது.

பதில்: வாயு நிரப்பி மூடாத ஸ்கோப், உள்ளே ஈரக்காற்று இருக்கிறது. வெதுவெதுப்பான வீட்டிலிருந்து பனிக்குள் கொண்டுபோனதும் அது கண்ணாடியில் படிகிறது. நீங்களே திறக்காதீர்கள். பழைய ஸ்கோப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, உலர்த்தி, அடைப்பு வளையங்களை மாற்றச் சொல்லுங்கள்.